தட்டின் அடியில் ஒட்டிய புளி

நல்லாசிரியனுக்கு உவமை கூறப் புகுந்த பவணந்தியார், நிலத்தையும் மலையையும் மலரையும் கூறியதோடு அமையாது நிறைகோலையும் உடன்வைத்தார். நிறைகோலின் சிறப்பு யாது? அது பொருளின் எடையை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டும்; காட்டும்போது எப்பக்கமும் சாயாது. விற்போன் அதனைப் பிடிக்கலாம். வாங்குவோன் அதனை உற்றுப் பார்க்கலாம். நிறுக்கப்படும் பொருளில் கோலுக்குப் பங்கு இருத்தல் கூடாது. தட்டின் அடியில் ஒரு சிறு புளியுருண்டையை ஒட்டிவிட்டால் போதும். கோல் முன்போலவே தொங்கும். அது காட்டும் எடையெல்லாம் பொய்யாகிவிடும்.

இன்று பல்கலைக்கழகங்களின் தட்டடியில் அப்புளி ஒட்டப்பட்டு வருகின்றது. ஒட்டுவோர் திருடர் அல்லர். அரசுகளும் துணைவேந்தர்களும் அறிஞர்களுமே ஆவர். மறைவாகவும் அது நடைபெறவில்லை. சட்டமாகவும் கொள்கையாகவும் விழாவாகவும் நடைபெறுகின்றது. 'கல்வியாளர் தொழில்முனைவு' என்பது அதற்கு இட்ட பெயர். பேராசிரியர் தம் ஆய்வைக் கொண்டு தாமே ஒரு குழுமம் தொடங்க வேண்டுமாம்; அதில் அவரும் பல்கலைக்கழகமும் பங்கு கொள்ள வேண்டுமாம்; எத்தனை குழுமங்கள் பிறந்தன, எவ்வளவு பணம் வந்தது என்பதைக் கொண்டே அக்கழகத்தின் தகுதியை அளக்க வேண்டுமாம்.

தொழில் முனைதல் இழிவன்று. ஆய்வகத்தில் கண்டது ஆய்வகத்திலேயே மட்கிப் போக வேண்டும் என்று அறிவுடையோர் எவரும் கூறார். இங்கு எழும் வினா வேறு. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய ஆய்வகத்தில், மாணவர் உழைப்பைத் துணைக்கொண்டு ஒன்றைக் காண்பவரும், அது மெய்யா பொய்யா என்று தீர்ப்புக் கூறுபவரும், அதனை விற்று ஆதாயம் பெறுபவரும் ஒருவரே ஆகலாமா? 'ஊதியம்' என்னும் சொல் பழைய வழக்கில் வணிகத்தில் வரும் ஆதாயத்தைக் குறித்தது. இன்றைய வழக்கில் உழைப்புக்குத் தரும் சம்பளத்தைக் குறிக்கின்றது. ஒரே இருக்கையில் அமர்ந்து, ஒரே பணிக்கு, அவ்விரு பொருளிலும் ஊதியம் பெற முனைவதைப் பற்றியதே இவ்வினா.

தோற்பைச் சட்டம்

இவ்வழக்கம் ஓங்கி வளர்ந்த நாடு அமெரிக்கா. அறிவைப் பொதுவில் வைக்கும் வழக்கமும் அந்நிலப்பகுதிக்குப் புதியதன்று. 1923ஆம் ஆண்டில், அண்டை நாடான கனடாவில், இன்சுலின் ஆய்வில் ஈடுபட்ட பாண்டிங்கு, பெசுட்டு, காலிப்பு ஆகிய மூவரும் அம்மருந்தின் காப்புரிமையை ஆளுக்கு ஒரு தாலர் பெற்றுக்கொண்டு தொரண்டோப் பல்கலைக்கழகத்திற்கு எழுதிக் கொடுத்தனர். நீரிழிவு நோயால் மடிந்துகொண்டிருந்த சிறுவர்களின் உயிர்மருந்து தனியொருவரின் உடைமையாகிவிடக் கூடாது என்று கருதியே அவ்வாறு செய்தனர்.

1980 திசம்பர் 12ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் ஒரு சட்டத்திற்கு ஒப்பமிட்டார். பேர்ச்சு பை, பாபு தோல் என்னும் இரு மேலவை உறுப்பினர்களின் பெயரால் அது பை–தோல் சட்டம் என வழங்குகின்றது. தமிழ்க் காதுக்கு அது தோற்பை என ஒலிப்பது தற்செயலே. ஆயினும் பொருந்தாப் பெயர் என்று தள்ளிவிட இயலாது. அரசின் நல்கையால் நடந்த ஆய்வில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம். அதற்கு உரிமம் வழங்கிப் பணம் பெறலாம். பெறும் தொகையில் கண்டறிந்தவருக்கும் பங்கு தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாறு.

அதற்குக் கூறிய கரணியம் பொய்யன்று. அந்நாட்டு அரசின் கையில் ஏறத்தாழ 28,000 காப்புரிமைகள் இருந்தன. அவற்றுள் நூற்றுக்கு ஐந்துகூடத் தொழிலுக்கு உரிமமாகப் போகவில்லை. முடங்கிக் கிடந்ததை வெளிக்கொணர வழி தேடியது சரியே. ஆனால் கண்டுபிடிப்பு வெளியே செல்ல வாயிலைத் திறந்தவர்கள், அதே வாயில் வழியாக வணிகம் உள்ளே வந்து ஆசிரியன் இருக்கையில் அமர்ந்துகொள்ளும் என்பதை எண்ணவில்லை.

எண்ணியவரும் அந்நாட்டில் இருந்தனர். அதே 1980இல், தன் பேராசிரியர் ஒருவரின் உயிரியல் ஆய்வைக் கொண்டு தொடங்கவிருந்த குழுமத்தில் தானும் பங்காளியாகச் சேர ஆர்வர்டுப் பல்கலைக்கழகம் திட்டமிட்டது. அங்கிருந்த ஆசிரியர்களே அதனை எதிர்த்தனர். தன் பங்காளியான ஆசிரியருக்குப் பதவி உயர்வு தருவதா, எவ்வளவு ஆய்விடம் தருவது என்பனவற்றைப் பல்கலைக்கழகம் எவ்வாறு நடுநின்று முடிவுசெய்யும்? அவ்வாண்டு நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

பரிசுச்சீட்டுக் கணக்கு

இம்முறையை ஆதரிப்போர் முதலில் எடுத்துக்காட்டுவது பணம். இசுட்டான்போர்டுப் பல்கலைக்கழகத்துக் கோயனும், சான்பிரான்சிசுகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் போயரும் 1970களில் கண்ட மரபீனி ஒட்டுமுறை, 1997இல் காப்புரிமை முடியும் வரை 468 குழுமங்களுக்கு உரிமமாகச் சென்று, 25 கோடியே 50 இலக்கம் தாலர் ஈட்டித் தந்தது. கூகுள் தேடுபொறியின் அடிப்படை முறைக்கு உரிமை கொண்டிருந்த இசுட்டான்போர்டு, அதற்கு ஈடாகப் பெற்ற பங்குகளை விற்று 2005க்குள் 33 கோடியே 60 இலக்கம் தாலர் பெற்றது. இவற்றை மறுப்பார் இல்லை.

ஆனால் முதல் எடுத்துக்காட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். மரபீனி ஒட்டுமுறை ஒரு குழுமத்துக்கு மட்டும் உரியதாக்கப்படவில்லை. கேட்டவர்க்கெல்லாம் உரிமம் தரப்பட்டது. கதவைத் திறந்து வைத்ததால் வந்த பணத்தைக் காட்டிக் கதவை அடைப்பதற்கு நயன்மை கற்பிக்கலாமோ?

மேலும், கூகுள் ஆண்டுதோறும் பிறப்பதில்லை. 2012ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் பெற்ற உரிமத்தொகையில் ஏறத்தாழப் பாதி, எட்டே பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு, உரிமம் விற்பதற்கென்று வைத்த அலுவலகத்தின் செலவுக்கே வருவாய் போதவில்லை. பரிசுச்சீட்டில் வென்ற எண்மரின் படத்தைச் சுவரில் ஒட்டி ஊரையே சீட்டு வாங்கத் தூண்டுவது எத்தகையதோ, அத்தகையதே இக்கணக்கைக் காட்டிப் பல்கலைக்கழகங்களை வணிகத்துக்கு அழைப்பதும். சீட்டை விற்றவனுக்கு ஆதாயம் உறுதி. வாங்கிய ஊருக்கு எது உறுதி?

நள்ளிரவில் போன குப்பிகள்

பணம் வராதது சிறு தீங்கே. பெருந்தீங்கு அறிவுப் பொதுமையின் அழிவு.

மேலே கூறிய போயர், பேராசிரியராக இருந்துகொண்டே 1976இல் செனென்டெக்கு என்னும் குழுமத்தை ஒரு முதலீட்டாளரோடு சேர்ந்து நிறுவினார். மாந்த இன்சுலினை நுண்ணுயிரிகளைக் கொண்டு ஆக்கும் முறை அதன்வழி வந்தது. 1982இல் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது. அந்நன்மையைப் போற்றலாம். அதே குழுமத்தின் மற்றொரு பக்கமும் உண்டு. அப்பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி இயக்குநீர் பற்றிய ஆய்வில் இருந்த பீட்டர் சீபர்க்கு என்பார் செனென்டெக்கில் சேர்ந்தார். 1978ஆம் ஆண்டின் இறுதி நாள் நள்ளிரவில் பழைய ஆய்வகத்திற்குச் சென்று மரபுப்பொருள் அடங்கிய குப்பிகளை எடுத்துச் சென்றதாக, 1999இல் வழக்குமன்றத்தில் அவரே சான்று கூறினார். குழுமம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் அவ்வாண்டே 20 கோடி தாலர் தந்து பல்கலைக்கழகத்தோடு வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

அவர் எடுத்தது தாம் உழைத்து ஆக்கிய பொருளே. குழுமம் என்ற ஒன்று இடையில் இல்லாதிருந்தால், ஓர் ஆய்வாளர் தம் பொருளை மற்றோர் ஆய்விடத்திற்கு எடுத்துச் செல்வதற்கு நள்ளிரவு எதற்கு? பட்டப்பகலில் கேட்டுப் பெற்றிருப்பார். கேட்டவர்க்குத் தாமும் தந்திருப்பார். நேற்றுவரை ஒருவர் குறிப்பேட்டை மற்றவர் பார்த்த தாழ்வாரத்தில், இன்று ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு.

இஃது ஓர் ஆய்வகத்தின் கதை மட்டுமன்று. 1997இல் அமெரிக்க உயிரறிவியல் ஆசிரியர் இரண்டாயிரவருக்கு மேற்பட்டோரிடம் வினவி வெளியிட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழ ஐவருள் ஒருவர், முந்தைய மூன்றாண்டுகளில் தம் முடிவுகளை ஆறு மாதத்திற்கு மேல் வெளியிடாது நிறுத்தி வைத்ததுண்டு என ஒப்பினர். வணிகத் தொடர்புடையோரிடம் இவ்வழக்கம் மிகுதி என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று. அறிவை வெளியிடுவதற்கென்று அமர்த்தப்பட்டவர் அறிவை மறைப்பதற்குக் கற்றுக்கொண்டால், அக்கழகத்தின் செயல்திறன் வளர்ந்ததென்பதா, தேய்ந்ததென்பதா?

ஓர் இளைஞன் சாவு

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1999 செப்டம்பரில் நிகழ்ந்ததை ஒவ்வோர் ஆசிரியரும் அறிதல் வேண்டும். அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த செசி கெல்சிங்கர் என்னும் பதினெட்டு அகவை இளைஞன், ஈரலைச் சார்ந்த ஓர் அரிய பிறவிக் குறையுடையவன். உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் அவன் நோய் அடங்கியே இருந்தது. பிற்காலத்தில் அந்நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்குப் பயன்படும் என்று நம்பியே மரபீனி மருத்துவ ஆய்வுக்குத் தன் உடலைத் தந்தான். 13ஆம் நாள் ஊசி செலுத்தப்பட்டது. 17ஆம் நாள் இறந்தான்.

அவ்வாய்வு நடந்த நிலையத்தின் தலைவர் சேம்சு வில்சன். அவர் 1992இல் செனோவோ என்னும் குழுமத்தை நிறுவி அதில் பங்கு வைத்திருந்தார். பல்கலைக்கழகமும் பங்கு வைத்திருந்தது. அக்குழுமமோ அவர்தம் நிலையத்திற்கு ஆண்டுதோறும் பெரும்பணம் தந்து வந்தது. இவ்வேற்பாடு மறைவில் நடந்ததன்று. பல்கலைக்கழகக் குழுவே ஆராய்ந்து ஒப்புதல் தந்தது. இளைஞன் இறந்தபின் நடந்த அரசு ஆராய்ச்சியில், அவன் குருதியிலிருந்த அம்மோனியாவின் அளவு ஆய்வு விதிக்கு மிகுதியாக இருந்ததும், முன்னர் ஊசி பெற்றோர் சிலருக்கு நேர்ந்த கடுந்தீங்குகள் முறைப்படி அறிவிக்கப்படாததும், குரங்குகள் இறந்த செய்தி இசைவுப் படிவத்தில் இடம்பெறாததும் வெளிப்பட்டன. 2005இல் பல்கலைக்கழகம், தவறென ஒப்பாமலே, 5 இலக்கத்து 17 ஆயிரம் தாலருக்கு மேல் செலுத்தி அரசோடு வழக்கை முடித்துக்கொண்டது.

ஊசி செலுத்தியவர் வில்சன் அல்லர். பணவேட்கையால்தான் அவ்விளைஞன் இறந்தான் என்று எவரும் மெய்ப்பிக்கவும் இல்லை. மெய்ப்பிக்க இயலாமையே இவ்வேற்பாட்டின் கொடுமை. ஆய்வை நிறுத்தலாமா தொடரலாமா என்று உள்ளம் ஊசலாடும் நொடியில், தொடர்ந்தால் உயரும் பங்கு ஒன்று சட்டைப்பையில் இருக்கும்போது, தம் முடிவில் அதன் எடை எவ்வளவு என்பதை அம்முடிவைச் செய்தவராலேயே சொல்ல இயலாது. மகனை இழந்த தந்தைக்கும் இயலாது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டு, பூனை குடித்ததா, பால்தான் சிந்திற்றா என்று பின்னர் ஆராய்ந்து பயன் என்ன?

அதே கழகத்தில் தாழ்த்தப்பட்டவர்

அதே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அக்காலத்தில் வேறொருவரும் உழைத்துக்கொண்டிருந்தார். அங்கேரி நாட்டிலிருந்து வந்த காத்தலின் கரிக்கோ என்னும் அம்மையார் அவர். தூதுக் கருக்காடியை மருந்தாக்க இயலும் என்பது அவர் கொள்கை. அதற்கு நல்கை தருவார் இல்லை. பணம் கொண்டுவராதவருக்குக் கழகத்தில் மதிப்பில்லை. 1995இல் அவர் பணிநிலை தாழ்த்தப்பட்டது. தாழ்த்தப்பட்ட நிலையிலும் ஆய்வை விடவில்லை. துரூ வைசுமன் என்பாரோடு சேர்ந்து 2005இல் அவர் வெளியிட்ட முடிவே, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மகுடத் தொற்றுக்கு எதிரான தடுப்பூசிகளுக்கு அடிப்படை ஆயிற்று. 2023இல் இருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவரைத் தாழ்த்திய பல்கலைக்கழகமோ அக்காப்புரிமையால் பெருஞ்செல்வம் ஈட்டியது. 2024 இறுதியில் ஒரு குழுமம் மட்டுமே 40 கோடி தாலருக்கு மேல் அதற்குத் தர இசைந்தது.

அவ்விருவரும் 2006இல் ஒரு சிறு குழுமம் தொடங்கிப் பார்த்ததும் உண்மை. ஆனால் முறையை நோக்க வேண்டும்: அறிவு முன்னே பிறந்தது, வணிகம் பின்னே வந்தது. பணத்தை அளவுகோலாகக் கொண்ட கழகம், பின்னாளில் தனக்குப் பெரும்பணம் தரப்போகும் அறிவையே அடையாளம் காணாது அவமதித்தது. வரவுகூட்டும் கண்ணால் பார்ப்போர்க்கு முளைத்த பயிர் தெரியும். மண்ணுக்குள் இருக்கும் விதை தெரியாது.

குழுமம் தொடங்கிய பேராசிரியர்களே மற்றவரினும் மிகுதியாகக் கட்டுரை எழுதுகின்றனர் எனச் சில ஆய்வுகளைக் காட்டி வாதிடுவோர் உளர். வளமான வயலைத் தேடித்தான் வணிகனும் வருவான். முன்னரே பெரும்புகழ் பெற்றவரிடமே முதலீட்டாளர் செல்கின்றனர்; அவர் பின்னரும் எழுதுகின்றார். இதனால் வணிகமே அவரை எழுதவைத்தது என்று முடிவு கட்டுவது, சேவல் கூவியதால் பொழுது விடிந்தது என்பதை ஒக்கும். அன்றியும், ஒருவர் எழுதிய கட்டுரையின் எண்ணிக்கை வேறு. அவர் வகுப்புக்கு வந்தாரா, அவர் மாணவன் தன் ஆய்வேட்டைத் தான் விரும்பிய பொருளில் எழுதினானா, அவர் கண்டதை அயலார் சரிபார்க்க முடிந்ததா என்பன வேறு. கழகத்தின் செயல்திறன் பின்னவற்றில் உள்ளது.

இந்நாட்டிற்கு வந்த புளி

பை–தோல் சட்டத்தைப் பார்த்து எழுதிய வரைவொன்று 2008 திசம்பரில் இந்திய மாநிலங்களவையில் முன்வைக்கப்பட்டது. பொதுப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளின் காப்புரிமையைக் கல்வி நிறுவனங்களுக்கு ஆக்குவது அதன் நோக்கம். கடும் எதிர்ப்பு எழுந்தது. 2014இல் அது திரும்பப் பெறப்பட்டது. முன்வாயில் வழியாக வர இயலாதது 2019இல் பக்கவாயில் வழியாக வந்தது. மாணவர்க்கும் ஆசிரியர்க்குமான புத்தாக்கத் தொழில்தொடக்கக் கொள்கை என்னும் பெயரில் நடுவணரசின் கல்வித்துறை அதனை வெளியிட்டது.

அக்கொள்கையின்படி ஆசிரியர் விடுப்பெடுத்துத் தொழில் தொடங்கலாம். தம் நிறுவன ஆய்வையும் குழுமப் பணியையும் பிரித்து வைக்க வேண்டும், நிறுவனத்து ஆய்வுப் பணியாளரைக் குழும வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்னும் நல்ல விதிகளும் அதில் உள்ளன. ஆயினும் இரண்டு விதிகள் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுகின்றன. தன் ஆய்வகத்தைப் பயன்படுத்தும் குழுமத்தில் கல்வி நிறுவனம் நூற்றுக்கு 2 முதல் 9.5 வரை பங்கு பெறலாம் என்பது ஒன்று. பண்டம் ஆக்குவதும் குழுமம் வளர்ப்பதும் ஆசிரியரின் கடமைகளுள் சேர்க்கப்பட்டு, அவர்தம் செயல்திறனும் பதவி உயர்வும் அதனைக்கொண்டும் அளக்கப்படும் என்பது மற்றொன்று. விதியை மீறினாரா என்று பார்க்க வேண்டிய நிறுவனமே பங்காளி; மீறுவதற்குத் தூண்டும் பரிசோ பதவி உயர்வு. பென்சில்வேனியாவில் ஒட்டிய அதே புளி!

தமிழகத்திலும் இத்துறையில் நற்செயல்கள் நடந்துள்ளன. 2010இல் தரமணியில் தொடங்கிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆராய்ச்சிப் பூங்கா ஒரு நல்ல அமைப்பே. அக்கழகப் பேராசிரியர் ஒருவரும் உடன்நிறுவிய அக்னிகுல் குழுமம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் ஆக்கிய பொறியைக் கொண்டு 2024 மே 30ஆம் நாள் ஏவூர்தியைச் செலுத்திக் காட்டியது. பெருமைக்குரிய செயலே. ஆனால் ஏவூர்தி எழும்பிற்றா இல்லையா என்பதைக் கண்ணுள்ளோர் அனைவரும் பார்க்கலாம். புதிய மருந்தொன்று நஞ்சா அமுதா, ஆற்றுநீரில் கலந்தது தீதா நன்றா என்பதை அவ்வாறு பார்க்க இயலாது. அங்கு மக்களுக்குள்ள ஒரே நிறைகோல் பங்கு இல்லாத பேராசிரியரே. அவரையும் பங்குதாரர் ஆக்கிவிட்டால் உழவனும் மீனவனும் நோயாளியும் யாரிடம் சென்று கேட்பர்?

பெருநகரத்து உயர் கழகத்துக்கு வகுத்த அளவுகோலைச் சிற்றூர்க் கல்லூரிக்கும் நீட்டுவது அடுத்த கேடு. 2024இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளே வரித்துறையால் முடக்கப்பட்டதை நாடறியும். நல்கைக்கு ஏங்கும் கழகத்தைப் பார்த்து 'நீயே ஈட்டிக்கொள்' என்று சொல்வதற்குத் தொழில்முனைவு நல்லதொரு சாக்கு. அவ்வாறு சொல்லத் தொடங்கிய நாளில் பணம் தராத துறைகள் ஒவ்வொன்றாக மூடப்படும். கல்வெட்டைப் படிப்பவனும் கணக்கின் மெய்ம்மையைத் தேடுபவனும் எந்தக் குழுமத்தைத் தொடங்குவர்?

வேண்டுவன

செய்ய வேண்டுவன மிகுதியல்ல. செய்ய முடியாதனவும் அல்ல. தொழில் தொடங்க விரும்பும் பேராசிரியர் விடுப்பெடுத்துச் சென்று தொடங்கட்டும். குறித்த காலம் முடிந்ததும் இருக்கையையோ குழுமத்தையோ ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். பங்கு வைத்திருப்பவர் தம் பொருளைத் தாமே ஆராய்ந்து சான்று தருதல் கூடாது. மாந்தர் உடலில் செய்யும் ஆய்வில் அது குற்றமாகவே கருதப்பட வேண்டும். பல்கலைக்கழகம் தன் ஆசிரியரின் குழுமத்தில் பங்கு கொள்வதை விட்டு, பயன்படுத்திய ஆய்விடத்துக்கு வாடகை பெற்றுக்கொள்ளட்டும். ஆய்வு மாணவனின் ஆய்வேட்டைக் குழுமத்தின் மறைப்பு ஒப்பந்தம் தொடுதல் ஆகாது. பொதுப்பணத்தில் பிறந்த அறிவின் உரிமம் கேட்பவர்க்கெல்லாம் கிடைக்க வேண்டும். பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து குழுமக் கணக்கை நீக்க வேண்டும்.

இவற்றை அரசு தானாகச் செய்யாது. ஆட்சிக்குழுக்களிலும் கல்விக்குழுக்களிலும் அமர்ந்துள்ள ஆசிரியர்கள் கேட்க வேண்டும். 1980இல் ஆர்வர்டு ஆசிரியர்கள் கேட்டார்கள், திட்டம் நின்றது. மாணவர்கள் தம் ஆய்வேட்டின் மேல் எவர் கை வைத்துள்ளார் என்று கேட்க வேண்டும். வரி செலுத்தும் மக்கள், தம் பணத்தில் வாங்கிய கோலின் தட்டைத் திருப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். புளி ஒட்டவில்லையெனில் திருப்பிக் காட்டுவதில் எவர்க்கும் இழப்பில்லை. காட்ட மறுக்கும் கை எதுவோ, அதனிடமிருந்து கோலைப் பறிப்பதே முறை.